நாலு சில்லின் மேல் ஒரு பொங்கல்

1

நேற்று எங்கள் பழைய வானுக்கு மறுபடியும் வாரண்ட் கிடைத்துவிட்டது. வீட்டில் பாயசம் வைத்தோம். ஒரு வண்டிக்கு வாரண்ட் கிடைத்ததற்கு யாராவது பாயசம் வைப்பார்களா என்று கேட்பீர்கள். அந்த வண்டியைக் கண்ணால் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள்.

முதலில் இந்தச் சொல்லுக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் இருக்கும் என் தம்பிக்கு ஒருமுறை, "நல்ல செய்தி, வாரண்ட் வந்துவிட்டது" என்று சந்தோஷமாக எழுதிவிட்டேன். அங்கே இன்றைய நிலையில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான், பிடியாணை. அவன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சோற்றில் கை வைக்கவில்லையாம். "அண்ணா, போன இடத்திலுமா?" என்று பதில் வந்தது. ஆகவே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் வாரண்ட் என்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைத் தட்டிக் குலுக்கிப் பார்த்து, இது றோட்டில் ஓடலாம் என்று கண்ணாடியில் ஒட்டிவிடும் துண்டுக் காகிதம். அது இல்லாவிட்டால்தான் பொலிஸ்காரர் வருவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பழைய வண்டிகள் சாவதில்லை. வெளியிலிருந்து புதுக் கார் இறக்குவதற்கு அவ்வளவு கட்டுப்பாடு. அதனால் நம்முடைய ஊரில் பழைய ஆஸ்டின் ஏ-போட்டி கார்களுக்குக் கயிறும் கம்பியும் கட்டி ஓட்டுகிற மாதிரி இவர்களும் ஓட்டுகிறார்கள். ஆக்லாந்தில் இறங்கிய முதல் கிழமையே எனக்கு இது பிடித்துப்போயிற்று. சுத்தமான வெள்ளைக்காரர் ஒருவர் றோட்டோரத்தில் பொனெட்டைத் திறந்து, எஞ்சினைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். சரி, மனிதர்கள் வாழ்கிற இடம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

2

வான் வாங்கும் எண்ணம் எனக்குத் துளியும் இருக்கவில்லை. நான் போனது கோழி வாங்க.

என் மனைவி திலகத்துக்குக் கடையில் உறைந்து கிடக்கும் கோழி கோழியே அல்ல. பிளாட் புஷ் பக்கம் பண்ணைகளில் உயிர்க்கோழி தருவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு சனிக்கிழமை காலை இரண்டு கோழி வாங்கி வரும்படி என்னை அனுப்பினாள். அங்கே கண்ணுக்கெட்டிய வரை புல்லும் மாடும்தான். ராய் என்ற கிழவர் கேட் வரை வந்து என்னை அழைத்துப் போனார். அவருடைய கோழிகள் குடியிருந்தது ஒரு வானுக்குள்ளே. ஸ்டியரிங்கின் மேல் ஒரு சேவல், ஆசனத்தில் வைக்கோல், கைகழுவும் தொட்டிக்குள் முட்டைகள்.

"இது என்ன?" என்றேன்.

"மோட்டார் ஹோம். நானும் மனைவியும் தீவு முழுக்கச் சுற்றினோம். முழங்கால் போன பிறகு கோழிகளுக்குக் கொடுத்துவிட்டேன்" என்றார். சேவலை எழுப்பிவிட்டுச் சாவியைத் திருகினார். அது இருமியது, தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. பின்கதவை மேலே தூக்கிக் காட்டினார். அது ஒரு கூரைபோல நின்றது. அதற்குக் கீழே இரண்டு காஸ் அடுப்பு, சின்னத் தொட்டி, கரண்டி வைக்க ஒரு லாச்சி. நடுவில் மேசையை மடக்கினால் கட்டில். இரண்டு பேர் படுக்கலாம் என்றார் ராய். அது அவர்களுடைய இரண்டு பேர். எங்கள் கணக்கில் தாராளமாக ஐந்து பேர்.

கோழி வாங்கப் போனவன் கோழிக்கூட்டோடு திரும்பினேன். த்ரீ கிங்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் அதை நிறுத்தியபோது திலகம் வெளியே வந்தாள். வானை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"கோழி எங்க?"

"இதுக்குள்ளதான் இருந்தது."

"உங்களுக்கு விசர் முத்திப் போச்சு."

எங்கள் மகள் அபி, பதின்மூன்று வயது, ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடிக்கொண்டாள். திலகம் மட்டும் மூக்கைப் பொத்தியபடி உள்ளே ஏறினாள். பிறகு அவள் குரல் கேட்டது, கோபமெல்லாம் போய், கலியாண வீட்டுக் குரலாக.

"இஞ்சருங்கோ! நிலம்! இதில நிலம் இருக்கு!"

இதன் அருமை உங்களுக்கு விளங்காது. இங்கே வாடகை வீடுகளில் சுவருக்குச் சுவர் கம்பளம், தரையே தெரியாது. வெள்ளிக்கிழமை வந்தால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாளி வாளியாக ஊற்றி, தும்புத்தடியால் தள்ளிக் கழுவிப் பழகிய ஒரு பெண், கம்பளத்தை என்ன செய்வாள்? மூன்று வருடமாக அவள் வெள்ளிக்கிழமைகளில் ஒரு மெஷினை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "சுத்தம் இல்லை, சத்தம்தான்" என்பாள். வானுக்குள்ளே வழுவழுவென்று லினோலியம் தரை. அன்றே மூன்று வாளி ஊற்றினாள்.

3

அந்த வானில் என்னென்ன செய்யலாம் என்று எனக்கு ஆயிரம் யோசனை. திலகத்துக்கு ஒன்றே ஒன்று.

அதைச் சொல்ல, நாங்கள் வந்த முதல் வருடத்துக்குப் போக வேண்டும். தைப் பொங்கலன்று பின்வளவில் மூன்று செங்கல் வைத்து, பழைய பலகையைக் கொத்தி, விடியற்காலையில் அடுப்பு மூட்டினோம். அது பெயின்ட் பூசிய பலகை. புகை கறுப்பாக எழுந்தது. பால் பொங்குவதற்கு முன் சங்கு ஊதிக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. தலைக்கவசம் போட்ட நான்கு பேர், குழாயோடு. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. எதிர் வீட்டில் அபியின் வகுப்புத் தோழி ஒருத்தி, இரவு உடுப்போடு வாசலில் நின்றாள். வீட்டுக்காரர் அடுத்த நாளே, வளவில் நெருப்பு மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு எங்கள் பொங்கல் மின்னடுப்பில்தான். எதிரே சூரியன் இல்லை, பக்கத்து வீட்டுக் கராஜின் சுவர். அபியோ பொங்கலன்று அறைக் கதவைத் திறப்பதில்லை. தட்டினால் ஆங்கிலத்தில் "பசியில்லை" என்று பதில் வரும். அந்த ஒரு நாள் என்று தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக எல்லா நாளுக்கும் பரவியது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் சொல்லுவாள். கடைத்தெருவில் எங்களுக்குப் பத்தடி முன்னால் நடப்பாள்.

"ஒருக்கா எண்டாலும் வெளியில, சூரியனுக்கு முன்னால பொங்கோணும்" என்றாள் திலகம், வானின் பின்கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "பிள்ளை எனக்குப் பக்கத்தில நிக்கோணும். வேற ஒண்டும் வேண்டாம்."

அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. கேட்ட ஒன்று இது. "தைக்குக் கடற்கரைக்குப் போறம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இங்கே தை மாதம் கோடை, பள்ளி விடுமுறை. எல்லாம் பொருந்தி வந்தது. ஆனியில், வான் வாங்கியதும் எடுத்த வாரண்ட் மட்டும் மார்கழியில் முடிவதாக இருந்தது.

4

சோதனை நிலையத்தில் வெள்ளை மேலங்கி போட்ட மனிதர் வானுக்கு அடியில் போனார். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது அவர் முகத்தில் ஓர் ஆச்சரியம்.

"இதைக் கடலுக்குள் நிறுத்தி வைக்கிறீர்களா?"

"இல்லையே."

"பின்னே ஏன் தரைத் தகடு உள்ளிருந்து வெளியே துருப்பிடித்திருக்கிறது? நான் வெளியிலிருந்து உள்ளே பிடித்ததைத்தான் பார்த்திருக்கிறேன்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊற்றிய வாளிகள் லினோலியத்துக்குக் கீழே இறங்கி, பலகையை ஊறவைத்து, தகட்டைத் தின்றிருக்கின்றன. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "என் மனைவி மிகவும் சுத்தமானவர்" என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, ஆசனப் பட்டி பூட்டியிருக்கும் இடத்தில் தகடு இற்றுப்போயிருப்பதால் ஓட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்தார்.

திலகம் ஒப்புக்கொள்ளவே இல்லை. "கழுவினா துப்பரவாகும். இத்துப் போகுமே? எந்த ஊரில?" என்று சண்டைக்கு வந்தாள். பிறகு அழுதாள். பிறகு, பொங்கலுக்கு முன் திருத்திவிடலாமா என்று கேட்டாள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் நண்பர் சேவியர் உதவிக்கு வந்தார். மலேசியாவின் ஈப்போக்காரர், பல் வைத்தியர், உலகத்தில் தன்னால் திருத்த முடியாதது ஒன்றும் இல்லை என்று நம்புகிறவர்.

"அண்ணே, ஒன்னும் கவலப்படாதீங்க லா. பல்லுல ஓட்டையா, தகட்டுல ஓட்டையா, எல்லாம் ஒன்னுதான். சுரண்டணும், காய வைக்கணும், அடைக்கணும். நம்ம தொழிலே அதானே?"

வானுக்கு அடியில் படுத்து, வாயில் விளக்கைக் கவ்விக்கொண்டு, ஏதோ பசையைக் குழைத்து அடைத்தார். நடுவில் பழக்கதோஷத்தில், "வலிக்குதா?" என்று வேறு கேட்டார். வேலை பார்க்க அழகாகத்தான் இருந்தது. சோதனை நிலையத்து மனிதர் ஸ்குரூ டிரைவரின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். சேவியரின் அடைப்பு அப்படியே கழன்று தரையில் விழுந்தது. "பசை கூடாது, வெல்டிங் ஒட்டுவேலை வேண்டும், புதுத் தகடு வைத்து" என்று மறுபடியும் எழுதினார். சேவியர் கொஞ்சமும் கலங்கவில்லை. "என் கிட்ட வர்றவங்க யாரும் பல்ல ஸ்குரூ டிரைவரால தட்டுறதில்ல, அதான்" என்றார்.

ஆனால் இப்போது கிறிஸ்மஸ் வந்துவிட்டது. கிறிஸ்மஸ் வந்தால் இந்த நாடு பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும். கராஜ்காரர், தகடு விற்பவர், வாரண்ட் கொடுப்பவர், எல்லோரும். நான் தொலைபேசிப் புத்தகத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மணி அடிக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். திலகம் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். அபி மட்டும், "அப்ப நாங்கள் போகத் தேவையில்லைத்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதி திலகத்தின் நெஞ்சில் குத்தியது எனக்குத் தெரிந்தது.

புதுவருடம் பிறந்து, பொங்கலுக்குச் சில நாள் இருக்கையில், மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு ஒட்டுவேலைக்காரர் தொலைபேசியை எடுத்தார். கடற்கரையில் மனைவியோடு சண்டை, அதனால் முன்னதாகவே திரும்பிவிட்டாராம். அந்தச் சண்டைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அவர் தரையைப் பெயர்த்து, புதுத் தகடு ஒட்டி, காரணத்தை விசாரித்தார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தரையின் தாழ்ந்த மூலையில் ஓட்டை ஒன்று போட்டு, றப்பர் மூடி வைத்து, ஓரங்களையெல்லாம் தண்ணீர் புகாமல் அடைத்துத் தந்தார். "கழுவுகிறவரைத் தடுக்க முடியாது, தண்ணீருக்கு வழி விட்டால் போதும்" என்றார்.

வாரண்ட் கிடைத்தது. திலகம் கண்ணாடியில் ஒட்டிய அந்தக் காகிதத்துக்குச் சந்தனப் பொட்டு வைக்கப் போனாள். நல்ல வேளையாகத் தடுத்துவிட்டேன்.

5

இதையெல்லாம் எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. அங்கே ஊரில் நீங்கள் குண்டுச் சத்தத்துக்குள் இருக்க, நான் வானையும் துருவையும் பற்றிக் கதை அளக்கிறேன். இதைத் தம்பிக்கு எழுதினேன். "சந்தோஷமான கடிதம் வந்தால் நாங்கள் இரண்டு தரம் வாசிக்கிறோம், நீ எழுது" என்று பதில் போட்டான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு முதல் நாள் ஓரேவா கடற்கரைக்குப் புறப்பட்டோம். வானின் குணம் எனக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. இறக்கத்தில் அது குமரி, ஏற்றத்தில் கிழவி. ஆல்பனி மேட்டில் அது நடந்து ஏறியபோது எங்களுக்குப் பின்னால் ஒரு கலியாண ஊர்வலம் அளவுக்குக் கார்கள். திலகம் ஜன்னலால் தலையை நீட்டி எல்லோருக்கும் கை காட்டினாள். அவர்களும் காட்டினார்கள். சிலர் காட்டியது வேறு மாதிரியான கை. அவளுக்கு வித்தியாசம் தெரியாது, நானும் சொல்லவில்லை. அபி ஆசனத்தில் சரிந்து சரிந்து, கடைசியில் தரைக்கே போய்விட்டாள்.

கடற்கரை முகாமில் எல்லோரும் வண்டியின் மூக்கைக் கடலுக்குக் காட்டி நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் மட்டும் முதுகைக் காட்டி நிறுத்தினோம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பு நேரே கிழக்கைப் பார்க்க வேண்டும் அல்லவா? பக்கத்துக் கரவன் வண்டியில் இருந்த ஜோய்ஸ் என்ற வயதான பெண்மணி தன் தேநீரோடு வந்து, "பிழையாக நிறுத்திவிட்டீர்களே, திருப்ப உதவி வேண்டுமா?" என்று கேட்டார். அன்பான மனுஷி. வேண்டாம் என்று தலையாட்டிச் சமாளித்தேன்.

திலகம் மூன்று செங்கல் கொண்டுவந்திருந்தாள். ஆனால் கோடையில் திறந்த நெருப்புக்குத் தடை என்று வாசலிலேயே பலகை போட்டிருந்தது. காஸ் அடுப்பு போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். தீயணைப்பு வண்டியை அவளும் மறக்கவில்லை.

6

விடியும்போது கடல் அமைதியாகக் கிடந்தது. மாவிலைக்கு எங்கே போவது? கரையோரத்துப் பொஹுட்டுகாவா மரம் சிவப்பாகப் பூத்திருந்தது. அதிலிருந்து உதிர்ந்த பூக்களையும் இலைகளையும் பொறுக்கிப் பானையின் கழுத்தில் கட்டினாள் திலகம். பின்கதவுக்குக் கீழே அரிசிமாவால் கோலம் போட்டாள். கடற்பறவைகள் வந்து பாதிக் கோலத்தைத் தின்றுவிட்டன. அதற்கும் சிரித்தாள். அவளை அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அபி முன் ஆசனத்தில், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் இருந்தாள். திலகம் போய்க் கூப்பிட்டாள். "வா பிள்ளை, பால் வைக்கப் போறன்." போர்வை அசையவில்லை. திலகம் திரும்பி வந்து பாலை ஊற்றினாள். தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றுகொண்டாள். அந்த வெற்றிடத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கடலின் விளிம்பில் சூரியன் தலை காட்டியது. பால் சூடேறி, நுரைத்து, பானையின் கழுத்துக்கு வந்தது. இருவரும் கைகூப்பினோம். நுரை விளிம்பைத் தொட்டது.

"ஐயோ, பால்! உங்கள் பால் வழியப் போகிறது!"

ஜோய்ஸ்தான். குளியலங்கியோடு, செருப்புப் பறக்க ஓடி வந்தார். எங்கள் இருவருக்கும் நடுவே, அந்த வெற்றிடத்தால் கையை நீட்டி, அடுப்பின் குமிழைத் திருகி அணைத்துவிட்டார். நுரை பெருமூச்சு விட்டதுபோல இறங்கியது. "நல்ல வேளை, பார்த்தேன்!" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். காப்பாற்றிய சிரிப்பு.

கூப்பிய கை கூப்பியபடியே நின்றாள் திலகம். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. பொங்க வந்த பால் அடங்கிவிட்டது, அதுவும் தைத் திருநாளில். உதவி செய்யவென்று ஓடி வந்த ஒரு வயதான பெண்ணிடம் எதைச் சொல்வது?

வானின் முன்கதவு படாரென்று அடித்தது. அபி வெறுங்காலோடு ஓடி வந்தாள். காதில் மாட்டியது கழுத்தில் தொங்கியது.

"நீங்கள் அணைக்கக் கூடாது" என்றாள் ஜோய்ஸிடம், அவருடைய மொழியில். "அது வழியத்தான் வேண்டும். நாங்கள் அதற்காகத்தான் காத்திருந்தோம்."

"வேண்டுமென்றேயா?"

"வேண்டுமென்றேதான். அது பொங்கி வழிந்தால்தான் வருடம் நல்லது."

ஜோய்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். அபி அதற்குள் தீப்பெட்டியை எடுத்துவிட்டாள். கடற்காற்றில் முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. "அம்மா, இஞ்சால நில்லுங்கோ, காத்து!" என்று தாயை இழுத்துத் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மூன்றாவது பிடித்தது. இருவரும் தோளோடு தோள் ஒட்டி, அடுப்புக்கு மறைப்பாக நின்றார்கள். சூரியன் முழுதாக வெளியே வந்திருந்தது. பால் மறுபடியும் நுரைத்தது, ஏறியது, விளிம்புக்கு வந்தது, ஒரு கணம் யோசித்து நின்றது.

வழிந்தது. கிழக்குப் பக்கமாக, பூவையும் இலையையும் நனைத்துக்கொண்டு.

"பொங்கலோ பொங்கல்!"

முதலில் கத்தியது அபி. அவளுக்கு அந்தச் சொல் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. மூடிய அறைக் கதவுக்குப் பின்னால் ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நானும் கத்தினேன். ஜோய்ஸ் எங்கள் எல்லோரையும் விடப் பலமாக, பாதி எழுத்தை விழுங்கிக் கத்தினார். அக்கம்பக்கத்துக் கரவன்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஒருவர் சும்மா கை தட்டினார். பால் அடுப்பையே அணைத்துவிட்டது. நான் பாய்ந்து காஸை மூடி, துடைத்து, மறுபடி மூட்டிக் கொடுத்தேன்.

திலகம் அரிசியைக் கையில் அள்ளியவள் நின்றாள். பிறகு அபியின் இரண்டு கையையும் பிடித்து, அதற்குள் அரிசியை நிறைத்து, தன் கையை மேலே வைத்து, பானையைச் சுற்றிப் பாலுக்குள் போடவைத்தாள்.

"அம்மா," என்றாள் அபி, தமிழில், பானையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அடுத்த வருஷம் நான்தான் பத்த வைப்பன். ஜோய்ஸைக் கிட்ட விடாதேங்கோ."

தன் பெயர் கேட்டு, "என்ன சொல்கிறாள்?" என்று ஜோய்ஸ் என்னைக் கேட்டார்.

"அடுத்த வருஷமும் உங்களை வரச் சொல்கிறாள்" என்றேன்.

திலகம் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "ஓம் பிள்ளை," என்றாள். "நீதான் பத்த வைக்கோணும்."